ஊஞ்சல் பலகையும் மூன்று கிண்ணங்களும்

(வடோதராவில் நடந்த நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், "ஓய்வுக்குப் பின் ஒரு கைத்தொழில்" என்ற தலைப்பில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



காரியதரிசி என்னைப் பேசச் சொன்னபோது, "எனக்கு உபன்யாசம் பண்ணத் தெரியாதே, மரத்தூள்தான் தெரியும்" என்றேன். "அதையே சொல்லுங்கோ" என்றார். அதனால் இன்று மரத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். மேஜையில் இருக்கும் இரண்டு கிண்ணங்களையும் தாராளமாகக் கையில் எடுத்துப் பார்க்கலாம். அதில் ஒன்று விரிசல் விட்டது. அதையும் வேண்டுமென்றே கொண்டு வந்திருக்கிறேன்.

நான் 34 வருஷம் ஒரு தொழிற்சாலையில் டூல் ரூமில் வேலை பார்த்தேன். இரும்பைக் கடைவதுதான் தொழில். 2016ல் ஓய்வு பெற்ற மறு வருஷம், பால்கனியை ஒட்டிய சின்ன அறையில் ஒரு மர லேத் வாங்கிப் போட்டேன். இரும்பு தெரிந்தவனுக்கு மரம் எம்மாத்திரம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஆறு மாசம்கூட நிலைக்கவில்லை.

கடைசல் வேலை நமக்குப் புதிது இல்லை. தொட்டில் கால், மத்து, சொப்பு, குங்குமச் சிமிழ், சப்பாத்திக் குழவி எல்லாம் கடைசல் பட்டறையில் பிறந்தவைதான். நாம் இருக்கும் ஊரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் சங்கேடா இருக்கிறது. குஜராத்திக் கல்யாண வீடுகளில் பார்க்கிறோமே, ஆரஞ்சு நிறத்தில் தங்கப் பூ வேலை செய்த ஊஞ்சல், அது அந்த ஊர்ச் சரக்கு. தேக்கைக் கடைந்து, வெள்ளீயத்தைப் பொடியாக்கிப் பசையில் குழைத்துக் கோலம் போடுகிறார்கள். அது சுழலும்போதே மேலே அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகிப் படிந்து, வெள்ளி நிறம் தங்க நிறமாகத் தெரிகிறது. கடைசியாகத் தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். அங்கே கடைசல்காரர்களுக்குக் கராதி என்று பெயர். அப்படி ஒரு கராதிதான் எனக்கு குரு. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் செய்வது ஒட்டுக் கடைசல். ஒரே மரக்கட்டையைக் குடைந்து கிண்ணம் செய்தால், பாதிக்கு மேல் சீவலாகப் போய்விடும். அவ்வளவு பெரிய, நன்றாகக் காய்ந்த கட்டை கிடைப்பதும் கஷ்டம். காய்ந்த பிறகு வட்டம் முட்டை வடிவமாக மாறும். அதற்குப் பதில் சின்னச் சின்னத் துண்டுகளை ஆப்பு வடிவில் அறுத்து, வட்டமாக ஒட்டி வளையம் ஆக்க வேண்டும். அந்த வளையங்களை ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி, அதன் பிறகு லேத்தில் ஏற்றிக் கடைய வேண்டும். தச்சுப் பட்டறையில் அடுப்புக்குப் போகும் துண்டுகளே போதும்.

கணக்கு சுலபம். ஒரு வளையத்துக்கு 12 துண்டு என்றால், 180ஐ 12ஆல் வகுத்தால் 15. ஒவ்வொரு துண்டின் இரு முனையையும் 15 டிகிரி சாய்த்து அறுக்க வேண்டும். 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையத்துக்குத் துண்டின் வெளிப்பக்க நீளம் 53.6 மில்லிமீட்டர். 200ஐ 15 டிகிரியின் டேன்ஜென்ட்டால் பெருக்கினால் வந்துவிடும். இங்கே பத்தாவது படிக்கும் குழந்தைகள் போட்டுப் பார்க்கலாம்.

கணக்கு சுலபம், அறுப்பதுதான் கஷ்டம். 12 துண்டுக்கு 24 வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு தப்பினாலும், மொத்தம் 2.4 டிகிரி தப்பு சேரும். வளையத்தின் வெளி விளிம்பில் அது 4 மில்லிமீட்டர் இடைவெளியாக நிற்கும். கண்ணுக்கே தெரியாத தப்பு, வட்டம் முடியும்போது விரல் நுழையும் சந்தாகிவிடுகிறது. இதற்கு ஒரு வழி உண்டு. முழு வட்டத்தையும் ஒரே தடவையில் ஒட்டக் கூடாது. ஆறு ஆறாக இரண்டு அரை வட்டம் ஒட்ட வேண்டும். காய்ந்த பிறகு, ஒவ்வொரு அரை வட்டத்தின் இரு முனைகளையும் சமதளத்தில் ஒட்டிய உப்புத்தாளில் ஒன்றாகத் தேய்த்து நேராக்கிவிட்டுச் சேர்க்க வேண்டும். தப்பெல்லாம் அந்த இரண்டு இணைப்பில் கரைந்துவிடும். இறுக்கிப் பிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ஹோஸ் கிளிப்புகள் இரண்டை இணைத்தால் போதும்.

அடுத்தது அடுக்குவது. கொத்தனார் செங்கல் அடுக்குவது போலத்தான். கீழ் வளையத்தில் இரண்டு துண்டு சேரும் கோட்டுக்கு மேலே, மேல் வளையத்தின் துண்டு நடுவாக உட்கார வேண்டும். இது அழகுக்காக மட்டும் இல்லை. மரத்தின் குறுக்கு வெட்டு முகம் பசையை உறிஞ்சிவிடும். அந்த இணைப்பு பலவீனமானது. மேலும் கீழும் இருக்கும் வளையங்கள்தான் அதைப் பிடித்துக்கொள்கின்றன. அதனால் முனைகளுக்கு முதலில் லேசாக ஒரு பூச்சு பசை தடவி ஊறவிட்டு, மறுபடி தடவி ஒட்ட வேண்டும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டேன். 2018ல் அவசரமாக ஒட்டிய ஒரு கிண்ணம் லேத்தில் சுற்றும்போது, ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு என் காதை ஒட்டிப் பறந்து ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. 200 மில்லிமீட்டர் கிண்ணம் நிமிஷத்துக்கு 2000 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு மணிக்கு சுமார் 75 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. தப்பு முழுக்க என்னுடையது. பசையும் போதவில்லை, வேகமும் அதிகம். கிண்ணத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, சுற்று எண்ணிக்கையால் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது கடைசல்காரர்கள் பலரும் வைத்திருக்கும் கணக்கு. எட்டு அங்குலக் கிண்ணத்துக்கு 750லிருந்து 1100 சுற்று. அதற்குப் பிறகு முகத்தை முழுக்க மறைக்கும் கவசம் இல்லாமல் சுவிட்சைத் தொடுவதில்லை. சுவிட்ச் போடும்போது கிண்ணத்துக்கு நேராக நிற்பதும் இல்லை.

நம்மவர்களுக்காக ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். லேத் முன்னால் வேஷ்டி, அங்கவஸ்திரம் கூடவே கூடாது. கையுறையும் கூடாது, சுற்றும் மரம் அதைப் பிடித்து இழுத்துவிடும். பூணூல் பனியனுக்குள் இறுக்கமாக இருக்க வேண்டும். அப்புறம் மரத்தூள். 1995லேயே உலக சுகாதார அமைப்பைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களில் சேர்த்துவிட்டது. ஈட்டி, தேக்கு இரண்டின் தூளும் சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும். ஒரு நல்ல முகமூடியின் விலை ஒன்றும் பெரிதில்லை.

சரி, இப்போது ஊஞ்சல் பலகைக்கு வருகிறேன்.

தஞ்சாவூர் ஜில்லாவில் எங்கள் கிராமத்து வீட்டுக் கூடத்தில் ஒரு தேக்கு ஊஞ்சல் இருந்தது. என் அக்காவின் கல்யாணத்தில் ஊஞ்சல் பாட்டு அதில்தான். மத்தியானம் சாப்பாடானதும் அம்மா அதில்தான் உட்கார்ந்து பாக்கு வெட்டுவாள். வீட்டை விற்றபோது சங்கிலி யாரிடமோ போயிற்று. பலகையை லாரியில் இங்கே கொண்டுவந்தேன். அண்ணா சென்னையில் ஃப்ளாட், அக்கா புனேயில் ஃப்ளாட், எனக்கும் ஃப்ளாட். யார் வீட்டுக் கூரையிலும் ஊஞ்சல் கொக்கி கிடையாது. பலகை என் அலமாரிக்குப் பின்னால் 14 வருஷம் நின்றது. கிராமத்திலேயே மழைத் தண்ணீர் இறங்கி ஒரு பக்கம் மக்கியிருந்தது. நடுவில் நெடுகப் பிளவு வேறு. நல்ல பாகம் என்று பார்த்தால் இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், அவ்வளவுதான்.

2022 ஆரம்பத்தில், அதை அறுத்துக் கிண்ணம் செய்யட்டுமா என்று இரண்டு பேரிடமும் கேட்டேன். அண்ணா, "உன் இஷ்டம், செய்டா" என்றார். அக்கா ஃபோனில் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "டேய், அம்மா உக்காந்த பலகைடா. அதைப் போய் அறுக்கறேங்கறியே. அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள். "அலமாரிக்குப் பின்னாடி இருந்து யாருக்கு என்ன லாபம் அக்கா?" என்றேன். "லாபத்துக்கா வெச்சிண்டிருக்கோம்?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இருந்தாலும் அறுத்தேன்.

அந்த வருஷம் மே மாசம், நல்ல பாகத்தில் பாதியைப் போட்டு ஒரு கிண்ணம் செய்தேன். ஒன்பது வளையம், வளையத்துக்கு 12 துண்டு. எண்ணிப் பார்த்த என் சகதர்மிணி, "ஏன்னா, அஷ்டோத்தரம் மாதிரி 108 வர்றதே!" என்றாள். எனக்கும் ஒரே பெருமை. அடிப்பாகத்துக்குப் பலகையின் மிகச் சிறந்த இடத்திலிருந்து 120 மில்லிமீட்டர் வட்டம் ஒன்று வெட்டி, கீழ் வளையத்துக்குள் இம்மியும் இடைவெளி இல்லாமல் பொருத்தி, சுற்றிலும் பசை போட்டு ஒட்டினேன். டூல் ரூம் ஆள் இல்லையா, துல்லியமாக உட்கார்ந்தது. அந்தத் துல்லியம்தான் அதைக் கெடுத்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் காலையில் பார்த்தால், கீழ் வளையத்தில் எதிரெதிராக இரண்டு இணைப்பு வாய் பிளந்திருந்தது. எனக்குக் காரணம் புரியவில்லை. கிண்ணத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு சங்கேடாவுக்குப் போனேன்.

கராதி அதை வாங்கினார். தட்டிப் பார்க்கவில்லை, விரிசலைக்கூட முதலில் பார்க்கவில்லை. திருப்பி அடிப்பாகத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தார். ரேகைக்குக் குறுக்கே விரலை வைத்து, "சாஹேப், இது இந்தப் பக்கம் ஊதியிருக்கிறது. வெயில் காலத்தில் ஒட்டினீர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "உங்கள் ஊரில் பழைய கதவு பார்த்திருப்பீர்களே. சட்டத்துக்குள் இருக்கும் பலகைக்கு யாராவது பசை போடுவார்களா?" என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. எனக்குக் கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது. நம் கிராமத்து வீட்டுக் கதவில், சட்டத்தின் காடிக்குள் பலகை சும்மாதான் செருகியிருக்கும். கோடையில் லேசாக ஆடும், மழைக்காலத்தில் இறுகும். மரம் ரேகை ஓடும் திசையில் அநேகமாக நீளுவதே இல்லை. குறுக்கே மட்டும் ஈரத்துக்கு ஊதும், வறட்சிக்குச் சுருங்கும். என் வளையத்தில் ரேகை வட்டமாகச் சுற்றி ஓடுவதால் அதன் சுற்றளவு மாறாது. உள்ளே இருந்த வட்டப் பலகையோ, மே மாச வறட்சிக்கும் ஆகஸ்ட் மாச ஈரத்துக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறுக்கே வளர்ந்துவிட்டது. வளர இடமில்லை, வளையத்தைப் பிளந்துகொண்டு இடம் பண்ணிக்கொண்டது.

இங்கே ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். என் பையன் குழந்தையாக இருந்தபோது, சங்கேடா சாலையோரக் கடை ஒன்றில் அரக்கு நடைவண்டி வாங்கினேன். அரை மணி பேரம் பேசி 20 ரூபாய் குறைத்தேன். வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாகவும் சொன்னேன். இன்று ஒரு சக்கரம் கடைய எவ்வளவு நேரமாகும், அரக்கு சமமாகப் படிய எத்தனை வருஷம் பழக வேண்டும் என்று தெரிந்த பிறகு, அந்த 20 ரூபாய் அடிக்கடி ஞாபகம் வருகிறது. படிப்புதான் வித்தை, கையால் செய்வது வெறும் வேலை என்று நம் வீடுகளில் வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும் ஒரு எண்ணம் உண்டு. எனக்கும் இருந்தது. அந்தக் கராதிக்குப் பள்ளிப் படிப்பு ஏழாவதோடு சரி. கையில் எடுத்த உடனே பிழையைக் கண்டுபிடித்தது அவர்தான், டிப்ளமா வாங்கின நான் இல்லை. அவர் பிள்ளை பட்டறைக்கு வரவில்லை, மருந்துக் கம்பெனி வேலைக்குப் போகிறான். அதில் தப்பு சொல்ல நமக்கு யோக்யதை இல்லை. நம் பிள்ளைகளும் அப்பா தொழிலையா செய்கிறார்கள்?

இப்போது என்னிடம் மீதி இருந்தது இரண்டடிக்கு அரை அடி பலகை. அதில் ஒரு கிண்ணம்தான் வரும். நாங்கள் மூன்று பேர். என்ன செய்வது?

வழி காட்டியது வெனீர் வேலை. வெனீர் என்றால் அரை மில்லிமீட்டர் கனத்தில் சீவிய மரத் தாள். பீரோவுக்கும் மேஜைக்கும் மேலே ஒட்டுவது. ஒட்டுக் கடைசலில் அதைத் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே வைத்து ஒட்டுவார்கள். கடைந்த பிறகு பேனாவால் கோடு போட்டாற்போல் தெரியும். இரண்டு பக்கமும் ஒரே கனம் என்பதால் 15 டிகிரிக் கணக்கு மாறாது. ஆனால் வளையம் பெரிதாகும். அரை மில்லிமீட்டர் வீதம் 12 வைத்தால் சுற்றளவு 6 மில்லிமீட்டர் கூடும், விட்டம் சுமார் 2 மில்லிமீட்டர். அதை முன்கூட்டியே துண்டு நீளத்தில் கழித்துவிட வேண்டும்.

பல நிறப் பலகைகளையும் வெனீரையும் அடையாக ஒட்டி, சாய்வாகக் கீற்றுக் கீற்றாக அறுத்து, ஒன்றுவிட்டு ஒன்றைப் புரட்டி ஒட்டினால் நெளி நெளியாக ஒரு கரை வரும். மாமிகளுக்குச் சொன்னால் உடனே புரியும். பட்டுப்புடவையின் கோபுரக் கரைதான் அது. இந்த மாதிரி யோசனைக்குப் பழைய வேரும் இருக்கிறது. நம் பக்கத்து ஊரான சூரத்தில் சதேலி என்று ஒரு வேலை உண்டு. பாரசீகத்திலிருந்து வந்தது என்பார்கள். கருங்காலி, தந்தம், வெள்ளீயம் ஆகியவற்றை மெல்லிய குச்சிகளாக்கி, கட்டாக ஒட்டி, அப்பளம் போல் குறுக்கே சீவிப் பெட்டிகள் மேல் பதிப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் அவை பம்பாய்ப் பெட்டிகள் என்ற பெயரில் சீமைக்குப் போயின. அதே நூற்றாண்டில் இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் ஊர்க்காரர்கள் மரக் குச்சிகளைக் கட்டாக ஒட்டி லேத்தில் கடைந்து சிமிழ்கள் செய்தார்கள். இப்போது தந்தம் சட்டப்படி தடை, அது நல்லதுதான்.

நான் செய்தது இதுதான். ஊஞ்சல் பலகையை 2 மில்லிமீட்டர் கீற்றுகளாக அறுத்தேன். ரம்பமே பாதியைத் தூளாகத் தின்றுவிடும் என்பதால் கை நடுங்கியது. கிண்ணத்துக்கு மஞ்சக்கடம்பு மரம் எடுத்துக்கொண்டேன். இங்கே ஹல்து என்பார்கள், பெயருக்கேற்ற மஞ்சள் நிறம், கடைய இதமானது. மஞ்சள் துண்டுகளுக்கு நடுவே பழுப்பு நிற ஊஞ்சல் கீற்று. ஒன்பது வளையம், வளையத்துக்கு 12 கீற்று. ஒரு கிண்ணத்துக்கு 108. மூன்று கிண்ணத்துக்கும் 324 கீற்று, ஒருவருக்கும் ஒன்றும் கூட இல்லை, குறைய இல்லை.

அடிப்பாகத்தை இந்தத் தடவை ஒட்டவில்லை. கீழ் இரண்டு வளையங்களுக்கு நடுவே காடி எடுத்து, சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வட்டப் பலகையைச் சும்மா செருகினேன். காதருகே வைத்துக் குலுக்கினால் கோடையில் லேசாகச் சத்தம் கேட்கும். அது குறை இல்லை, அது மரம் மூச்சு விடுவதற்கு விட்ட இடம். மூன்று கிண்ணத்துக்கும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு முழுக் கோடையையும் அடுத்த மழைக்காலத்தையும் என் வீட்டிலேயே தாண்டவிட்ட பிறகுதான் கொடுத்தேன்.

2024 பொங்கலுக்கு அண்ணா வீட்டில் எல்லோரும் கூடினோம். அண்ணா தன் கிண்ணத்தில் அன்றைக்கே மாத்திரைப் பட்டைகளைப் போட்டுக்கொண்டார். அக்கா தன்னுடையதை மடியில் வைத்து, கோடுகளை விரலால் தொட்டு ஒவ்வொன்றாக எண்ணினாள். 108 வரை எண்ணினாளா என்று தெரியாது. "அம்மா உக்கார்ற பக்கம் எது, சங்கிலிப் பக்கம் எது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, கலந்துவிட்டது என்றேன். "அதான் சொன்னேன்" என்றாள். பலகையை அறுத்தது சரி என்று அவள் இன்றுவரை சொல்லவில்லை. ஒவ்வொரு நவராத்திரிக்கும் தாம்பூலம் அந்தக் கிண்ணத்தில்தான் வைக்கிறாள் என்று அவள் மாட்டுப்பெண் சொன்னாள்.

எனக்கும் அவள் கேட்டது நியாயம் என்றுதான் படுகிறது. முழுசாக இருந்தது ஒன்று போய்விட்டது. அதற்குப் பதில் மூன்று வீட்டில் தினமும் கை படும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது இருக்கும். உரல் உலக்கை, தூளிக் கட்டை, தாத்தாவின் கைப்பெட்டி. அறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முடிவு எதுவானாலும், கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் இருக்கும்போதே பேசிவிடுங்கள். மழைத்தண்ணீரும் கரையானும் நமக்காகக் காத்திருப்பதில்லை.

விருப்பமுள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்கு வரலாம். முதல் வளையம் ஒட்டக் கற்றுத் தருகிறேன். காசு வேண்டாம். முகக் கவசம் மட்டும் கொண்டு வாருங்கள். பெண் குழந்தைகளும் வரலாம். துப்பட்டாவை வீட்டில் வைத்துவிட்டு, பின்னலைத் தூக்கி முடிந்துகொண்டு வர வேண்டும்.

விரிசல் விட்ட கிண்ணம் என்னிடமேதான் இருக்கிறது. ஒட்டிச் சரி செய்யலாமே என்று பலர் சொன்னார்கள். லேத்துக்கு மேல் அலமாரியில் அப்படியே வைத்திருக்கிறேன். பசை டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும்.